மானிப்பாய் வைத்தியர்

கொலன்னாவையில் என் அயலில் வாழும் முதியவர் ஒருவர், வைத்தியசாலையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் நீட்டித் தமக்கு என்ன நோய் என்று கேட்பது வழக்கம். அப்போதெல்லாம் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கரை நான் நினைத்துக்கொள்வேன்.

1822ஆம் ஆண்டு மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். நியூயோர்க்கின் மத்திய பூங்கா உருவாவதற்கு முன்னின்று உழைத்த அண்ட்ரூ கிறீன் அவருடைய தமையனார். தம்பியோ மானிப்பாயைத் தம் ஊராக்கிக்கொண்டார். 1848 முதல் அங்கே நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியமும் கற்பித்தார்.

தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆனால் பயின்றவருட் பலர் உத்தியோகம் தேடிப் பட்டினங்களுக்குப் போயினர். காய்ச்சலும் வாந்திபேதியும் கிராமங்களிலேயே தங்கின. தமிழிற் கற்றவர் தம்மூரிலே நிலைப்பர் எனக் கருதிய கிறீன், 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தம் மாணாக்கரையே துணைக்கொண்டு அவற்றை ஆக்கினார். 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. 1867இல் இரண வைத்தியம். கிறே என்பவரின் பெருநூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. தமிழ்ச் சொல் உண்டாயின் அதையே கொள்வது, இல்லையேல் வடசொல், இரண்டும் வாயாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவது என்பது அவர் முறை. 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர். இக்காலத்து மாணவர் நகைக்கக்கூடும். எனக்கு நகைப்பு வருவதில்லை. வழியில்லாக் காட்டிலே முதலில் நடந்தவரின் காலடி கோணலாகத்தான் இருக்கும்.

அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைத்தவருமல்லர். எனினும் தம் மாணாக்கர் ஐரோப்பிய உடை தரித்துத் தம்மவர்க்கு அந்நியராவதை அவர் விரும்பவில்லை. இதை நம்மவர் பலர் அறியார்.

அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கியபின் 1873இல் தாயகம் மீண்டார். அங்கிருந்தும் ஏட்டை விட்டாரில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே 28ஆம் நாள் காலமானார். தமிழர்க்கு வைத்திய ஊழியர் என்ற குறிப்பு வூஸ்ரரில் அவர் கல்லறையில் உள்ளது.

அவருக்குப்பின் வகுப்பு ஆங்கிலத்துக்கே திரும்பியது. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இலேயே ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கும் அதுவே வழி. தமிழுக்கு ஆற்றல் போதாமையால் நின்றது என்பாரை நான் ஒப்பேன். நாலாயிரம் பக்கங்களுக்குமேல் எழுதிவைத்தபின் அப்படிச் சொல்வதெப்படி? உத்தியோகச் சந்தையில் தமிழுக்கு விலை இருக்கவில்லை, அவ்வளவே.

சென்ற மாதம் முதியவர் கொணர்ந்த தாள் முள்ளந்தண்டைப் பற்றியது. அகராதியைப் புரட்டி ஒருவாறு விளக்கினேன். இதைத் தமிழிலேயே எழுதியிருக்கலாமே என்றார் அவர். கிறீனின் கதையைச் சொல்லத் தொடங்கினேன், முடிக்க இரவாகிவிட்டது.