காகிதத்தில் ஓடிய இயந்திரம்

1952-ம் ஆண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம். இருவர் சதுரங்கம் ஆடினார்கள். அலிக் கிளென்னி என்பவர் தாமே யோசித்து ஆடினார். எதிரே இருந்தவரோ காகிதத்தில் எழுதிய விதிகளைப் பார்த்தார். கணக்குப் போட்டார். வந்த விடைப்படி காயை நகர்த்தினார். ஒரு காயை நகர்த்தச் சுமார் அரை மணி நேரம்!

அவர்தான் கணித மேதை ஆலன் டூரிங்.

போத்தனூர் உறவு

டூரிங் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ், சென்னை ராஜதானியில் அதிகாரி. தாயார் சாரா பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில்!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் 'எனிக்மா' ரகசியச் செய்திகளைக் கண்டறிய டூரிங் பெரிதும் உதவினார். பிறகு, இயந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்தார். 1948-ல் நண்பர் சாம்பர்னௌனுடன் சேர்ந்து, இயந்திரம் சதுரங்கம் ஆடுவதற்கான விதிகளை வகுத்தார். அவற்றை இயக்கும் இயந்திரம் கிடைக்கவில்லை. டூரிங்கே இயந்திரமானார்!

நேரம் போதவில்லை

தன் நகர்வு ஒன்று, எதிரியின் பதில் ஒன்று. வெட்டு இருந்தால் மட்டும் இன்னும் சற்றுத் தொலைவு. இவ்வளவுதான் அந்த விதிகள் பார்த்தன. ஏன்?

ஒரு சமயத்தில் சுமார் 30 நகர்வுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 30 பதில்கள் என்றால் 900 நிலைகள். இன்னும் இரண்டு நகர்வு பார்த்தால் 8 லட்சத்தைத் தாண்டும். மனிதன் கையால் போடக்கூடிய கணக்கா அது?

29-வது நகர்வில் டூரிங்கின் காகித இயந்திரம் தோற்றது.

அதே ஆண்டு, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டத்தால் டூரிங் தண்டிக்கப்பட்டார். 1954 ஜூன் 7-ந் தேதி, 41 வயதில் மறைந்தார். 2013-ல்தான் அரச மன்னிப்பு வந்தது.

காலம் தந்த பதில்

1997-ல் 'டீப் புளூ' கம்ப்யூட்டர், வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்து, உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது.

2012-ல் அதே காஸ்பரோவ், டூரிங்கின் விதிகளுடன் மோதினார். இப்போது கணக்குப் போட்டது கம்ப்யூட்டர். அரை மணி நேரக் கணக்கு நொடியில் முடிந்தது. ஆனாலும் 16 நகர்வில் காஸ்பரோவ் வென்றார்!

காரணம் என்ன? வேகம் கூடியது, பார்வையின் தொலைவு கூடவில்லை. கிடைத்த நேரத்தைக் கொண்டு மேலும் தொலைவு பார்க்கும் இயந்திரமே வலுவாக ஆடும். அந்த வாய்ப்பு டூரிங்கின் இயந்திரத்துக்குக் கிடைக்கவில்லை, டூரிங்குக்கும் கிடைக்கவில்லை.