மகளுக்கு அரண்மனை வாழ்வு, தந்தைக்கு ஊர்ப்பழி!

இளவரசன் மருமகனாக வந்தால் மகிழாத தந்தை உண்டா? இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். செய்தி கேட்டதும் அவர் இடி விழுந்தவர் போல் ஆனார்.

அவர் பெயர் எட்வர்ட் ஹைட். கிளாரண்டன் பிரபு என்று சரித்திரத்தில் பெயர் பெற்றவர் இவரே.

மன்னருக்காக அலைந்தார்

ஹைட் 1609-ம் ஆண்டு பிறந்தார். வக்கீல் தொழில் செய்தார். பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார்.

மன்னர் முதலாம் சார்லசுக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டது. ஹைட் மன்னர் பக்கம் நின்றார். 1649-ல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. மன்னரின் பிள்ளைகள் வெளிநாடுகளில் அலைந்தார்கள். ஹைட்டும் அவர்களோடு வறுமையில் வாடினார்.

அவருடைய மகள் ஆன், ஹாலந்தில் இருந்த இளவரசி மேரிக்குத் தோழியாக இருந்தாள். மேரியின் தம்பி ஜேம்ஸ் அவள் மீது காதல் கொண்டார்.

இரவில் நடந்த திருமணம்

1660-ல் ஜேம்சின் அண்ணன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசாங்கப் பொறுப்பு ஹைட்டின் கையில் இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி இரவு, ஹைட் குடியிருந்த மாளிகையிலேயே ஜேம்சும் ஆனும் ரகசியமாக மணந்துகொண்டார்கள். அது ஹைட்டுக்குத் தெரியாது!

விஷயம் வெளிவந்ததும் அவர் கொதித்தார். மகளைச் சிறையில் தள்ளுங்கள், தலையை வெட்டினாலும் சரி என்று கூறினார். சதி செய்து மகளை அரண்மனைக்குள் புகுத்திவிட்டான் என்று ஊர் தம்மைத் தூற்றும் என்பது அவர் பயம்.

ஜேம்சின் நண்பர் ஒருவர் ஆனின் ஒழுக்கத்தின் மீதே பழி சுமத்தினார். பிறகு தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். திருமணம் செல்லும் என்று மன்னர் கூறிவிட்டார்.

கைமாறிய வசைப்பாட்டு

அந்தக் காலத்தில் தினசரிப் பத்திரிகை கிடையாது. அனுமதி இல்லாமல் எதையும் அச்சடிக்கக் கூடாது என்று 1662-ல் சட்டம் வந்தது. ஆனால் வசைப்பாட்டுகளைத் தடுக்க முடியவில்லை. அவற்றைக் கையால் எழுதிப் பரப்பினார்கள். லண்டன் காப்பிக் கடைகளில் அவை கைக்குக் கை மாறின. எழுதியவர் பெயர் இராது. ஹைட் யாருக்கென்று பதில் சொல்வார்?

1662-ல் மன்னர், போர்ச்சுகல் இளவரசி காதரைனை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் மன்னருக்குப் பின் ஜேம்ஸ், அவருக்குப் பின் ஆன் பெற்ற பிள்ளைகள் என்று பட்டம் போகும். பேரப்பிள்ளைகள் நாடாள வேண்டும் என்றே ஹைட் மலடியைத் தேடிப் பிடித்தார் என்று வம்பு கிளம்பியது. பிள்ளை பிறக்காது என்பது முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதை எவரும் யோசிக்கவில்லை.

அதே ஆண்டு டன்கர்க் துறைமுகம் பிரான்சுக்கு விற்கப்பட்டது. அதைக் காப்பதற்குப் பெருஞ்செலவு ஆனதால் விற்றார்கள். ஹைட் லஞ்சம் வாங்கினார் என்று ஊர் பேசியது. பின்னர் அவர் பெரிய மாளிகை கட்டினார். டன்கர்க் மாளிகை என்று அதற்குப் பெயர் சூட்டிச் சிரித்தார்கள். அதைக் கட்டியதற்காக அவரே பிற்காலத்தில் வருந்தினார்.

வாசலில் தூக்குமரம்

1667 ஜூன் மாதம் டச்சுக்காரர்கள் மெட்வே ஆற்றில் நுழைந்து ஆங்கிலக் கப்பல்களைக் கொளுத்தினார்கள். அந்தப் போரே வேண்டாம் என்றவர் ஹைட். ஆனாலும் கூட்டம் அவர் வீட்டைத்தான் தாக்கியது. மரங்களை வெட்டினார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள். வாசல் கதவில் தூக்குமரம் வரைந்தார்கள்!

ஆகஸ்டு மாதம் மனைவி இறந்தார். அதே மாதக் கடைசியில் மன்னர் அவரது பதவியைப் பறித்தார். பார்லிமெண்டு அவர் மீது குற்றம் சாட்டியது. நவம்பரில் அவர் பிரான்சுக்குத் தப்பினார். அவர் திரும்பி வரக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். மருமகன் இளவரசன்தான். அவராலும் மாமனாரைக் காப்பாற்ற முடியவில்லை.

1671-ல் ஆன் இறந்தாள். மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் தந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பேனா தந்த பதில்

பிரான்சில் ஹைட் பேனாவை எடுத்தார். உள்நாட்டுப் போரின் சரித்திரத்தை எழுதி முடித்தார். தம் வாழ்க்கையையும் எழுதி வைத்தார். 1674 டிசம்பர் 9-ந் தேதி ருவான் நகரில் கண்ணை மூடினார்.

அவர் தேடாத பெருமை பிறகு வந்தது. ஆனின் மகள் மேரி 1689-ல் அரசியானாள். அடுத்து 1702-ல் இளைய மகள் ஆன் அரசியானாள். அந்த ஆண்டே தாத்தாவின் சரித்திர நூல் ஆக்ஸ்போர்டில் அச்சேறத் தொடங்கியது. அது விற்ற பணத்தின் உதவியால், அச்சகத்துக்காக அங்கே ஒரு கட்டிடம் எழுந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஊர் சிரித்த மாளிகை 1683-லேயே இடிக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சகக் கட்டிடம் இன்றும் நிற்கிறது.