டொரினோவின் எர்ப்ஸ்டீன்

எர்னோ எர்ப்ஸ்டீன் 1898-ஆம் ஆண்டு, அன்று ஹங்கேரியில் இருந்த நாகிவாராத் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். கால்பந்து வீரராகப் புடாபெஸ்டிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆடினார். ஆனால் பெயர் வாங்கியது பயிற்சியாளராகத்தான். லூக்கா என்னும் சிறு நகரத்து அணியை 1936-இல் இத்தாலியின் முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 1938-இல் டூரின் நகரின் டொரினோ அணி அவரை அழைத்துக்கொண்டது.

அவ்வாண்டே இத்தாலியில் யூதருக்கு எதிரான சட்டங்கள் வந்தன. மனைவி மக்களுடன் வெளியேறியவர், இறுதியில் புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தார். 1944-இல் கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டு, பின்னாளில் பெரும் பயிற்சியாளரான பேலா குட்மனுடன் அங்கிருந்து தப்பினார்.

போர் முடிந்ததும் டொரினோவின் தலைவர் நோவோ மீண்டும் அழைத்தார். துரத்திய நாட்டுக்கே திரும்பிப் போக அவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! போனார், அணியின் தொழில்நுட்ப இயக்குநரானார். டொரினோ ஆண்டுதோறும் பட்டம் வென்றது.

1949 மே 4 அன்று லிஸ்பனில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம், மேகமூட்டத்தில் சூப்பர்கா குன்றின் மாதா பேராலயப் பின்சுவரில் மோதியது. 18 வீரர்கள் உட்பட 31 பேரும் மாண்டனர். எர்ப்ஸ்டீனுக்கு அப்போது வயது 50. எஞ்சிய நான்கு ஆட்டங்களிலும் டொரினோவின் இளையோர் அணி இறங்கியது. எதிரணிகளும் தங்கள் இளையோரையே அனுப்பின. பட்டம் அவ்வாண்டும் டொரினோவுக்கே.