தமிழர் திருநாள் தந்த தமிழவேள்

ஐரோப்பாவில் உள்ள வேல்ஸ் நாட்டு மக்கள் ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் நாளைத் தங்கள் காவல் புனிதரான தாவீதின் பெயரால் கொண்டாடுகின்றனர். அன்று மஞ்சள் நிற டாஃபடில் மலரையோ, வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக் என்னும் செடியையோ உடையில் அணிந்துகொள்வர். வெளிநாடுகளில் குடியேறிய வேல்ஸ் மக்களையும் அந்நாள் ஒன்றுசேர்க்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழருக்கும் அத்தகைய பொதுநாள் ஒன்றை அமைக்கப் பாடுபட்டவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924இல் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்து, கணக்கராகப் பணியாற்றினார். அதே ஆண்டில்தான் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. பாலத்தின் இரு பக்கங்களிலும் தமிழர்கள் கடுமையாக உழைத்தனர். ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியோரும், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் ஒரே மொழி பேசினர். ஆயினும், சாதியும் சமயமும் பிறந்த ஊரும் அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. இந்நிலை சாரங்கபாணியை வருத்தியது.

1929இல் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவருடைய சீர்திருத்தக் கருத்துகள் சாரங்கபாணியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் அவர் முன்னின்று உழைத்தார். 1935இல் ‘தமிழ் முரசு’ இதழ் பிறந்தது. சாதி வேற்றுமையையும் மதுப்பழக்கத்தையும் அது கண்டித்து எழுதியது. ஊருக்குச் சொன்னதைச் சாரங்கபாணி தம் வாழ்விலும் கடைப்பிடித்தார். லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்மணியை மணந்துகொண்டார்.

எழுத்து மட்டுமே மக்களை ஒன்றுசேர்த்துவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் தனித்தனிப் பண்டிகைகள் இருந்தன. தமிழர் என்ற முறையில் அனைவரும் கூடுவதற்கு ஒரு நாள் இல்லை. எனவே, உழவையும் உழைப்பையும் போற்றும் பொங்கல் நாளை அவர் தேர்ந்தெடுத்தார். 1952ஆம் ஆண்டு முதல் அது ‘தமிழர் திருநாள்’ என்னும் பெயரில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொண்டாடப்பட்டது. பேச்சு, கட்டுரைப் போட்டிகளும் விளையாட்டுகளும் நாடகங்களும் விழாவில் இடம்பெற்றன. தை முதல் நாள் வீட்டு வாசலோடு நின்றுவிடாமல், பொது மேடைக்கும் வந்தது.

அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையைத் தொடங்கத் திட்டமிட்டனர். அதில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரவேண்டும் என்ற கருத்து எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழர் என்பதால், தமிழே கற்பிக்கப்பட வேண்டும் எனச் சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தமிழர்கள் தங்களால் இயன்றதை மனமுவந்து கொடுத்தனர். துறை 1956இல் தொடங்கியபோது தமிழ் அங்கே உரிய இடத்தைப் பெற்றது.

இளையோர் எழுதிப் பழகத் தமிழ் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியை அவர் ஏற்படுத்தினார். அதில் எழுதத் தொடங்கிய மாணவர் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாயினர். வாழும் நாட்டின் மீது பற்றுக்கொண்டு குடியுரிமை பெறுமாறும் அவர் தமிழரை வலியுறுத்தினார். தமிழராய் இருப்பதும் நல்ல குடிமக்களாய் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது அவர் கொள்கை.

சாரங்கபாணி 1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் காலமானார். ஆனால், அவர் போராடித் தமிழுக்கு இடம் பெற்றுத் தந்த இந்திய ஆய்வியல் துறை, இன்றும் கோலாலம்பூரில் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வருகிறது.