கூலி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த மரியா மாண்டிசோரி

பட்டணத்தில் எந்தத் தாமானுக்குப் போனாலும் மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையோடு ஒரு பாலர் பள்ளி கண்ணில் படும். வண்ணம் பூசிய சுவர், குளிர்சாதன அறை, மாதக் கட்டணமும் கொஞ்சம் கனம்தான். இது வசதி உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான படிப்பு என்றே நம்மில் பலர் நினைத்துவிட்டோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் தம் முதல் பள்ளியைத் திறந்தது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31இல் இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க ஊழியர். தாயார் புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர். குடும்பம் தலைநகர் ரோமில் குடியேறியது. பெண்பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் என்ன என்று கேட்ட காலம் அது. மரியாவோ மருத்துவம் படிக்கப் போனார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை. தாயார்தான் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் போன பிறகு, மாலை நேரத்தில் தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது, இத்தாலியில் பெண் மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மருத்துவராக அவர் போன இடங்களில் ஒன்று மனநல விடுதி. மூளை வளர்ச்சி குன்றிய சிறுபிள்ளைகளை அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கவோ விளையாடவோ ஒரு பொருளும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலையும் நல்ல கற்பித்தலும்தான் தேவை என்று அவர் கண்டுகொண்டார். 1900இல் ரோமில் இதற்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்தார், இரவில் குறிப்பெழுதினார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு அரசாங்கத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அவர் மனத்தில் எழுந்ததோ வேறு கேள்வி. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியுமென்றால், குறை ஒன்றும் இல்லாத பிள்ளைகள் ஏன் அதே அளவில் நின்றுவிடுகிறார்கள்?

விடை கிடைத்தது சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். ரோமில் கூலி வேலை தேடி வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த குடியிருப்புகளைச் சீர்படுத்திக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. தாயும் தகப்பனும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகள் படிக்கட்டில் திரிவதும் புதுச் சுவரில் கிறுக்குவதுமாக இருந்தார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது மரியா முன்வந்தார். 1907 ஜனவரி 6இல் அந்தப் பிள்ளைகள் இல்லம் திறந்தது. மூன்று வயது முதல் ஆறு வயதுவரை ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனாள். அங்கே ஓர் ஆயா அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். ரோமிலும் தொடக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் முறையான ஆசிரியைப் பயிற்சி இல்லாத ஒரு பெண்தான். மரியா அவரிடம் நீளமான பாடத்திட்டம் எதையும் கொடுக்கவில்லை. பொருள்களை எப்படிக் கையாள்வது என்று காட்டிவிட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார்.

கவனித்ததில் பல உண்மைகள் வெளிவந்தன. நன்கொடையாக வந்த பொம்மைகள் மூலையில் கிடந்தன. உருளைக் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தும் வேலையையே பிள்ளைகள் மீண்டும் மீண்டும் செய்தார்கள். ஒரு நாள் மரியா அவர்களுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையைச் சத்தமில்லாமல் எப்படிப் பயன்படுத்துவது என்று பொறுமையாகச் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கொழுகுகிறது என்று எந்நேரமும் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் அவர்கள். அதை எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு சொல்லித்தர அதுவரை ஒருவரும் வரவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை அவர் அங்கே கண்கூடாகப் பார்த்தார்.

எழுத்துப் பாடமும் இப்படித்தான். மரத்தில் எழுத்துகள் செய்துகொள்ள வழி கிடைக்காமல், அட்டையிலும் மணல்தாளிலும் வெட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி வடிவத்தைப் பழகினார்கள். சில மாதங்களில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். விஜயதசமி அன்று பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்த விரலுக்குள்ள நினைவாற்றலைத்தான் அவரும் நம்பினார்.

பெற்றோரிடம் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் இரண்டு கடமைகள் இருந்தன. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறையாவது வந்து பிள்ளையைப் பற்றி ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருந்தார்.

அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய துயரமும் இருந்தது. 1898இல் திருமணம் ஆகாமலே அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தார். அன்றைய சமூகத்தில் அது வெளியே தெரிந்தால் படிப்பு, வேலை எல்லாம் போய்விடும். மகன் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். ஊரார் பிள்ளைகளை மடியில் வைத்துக் கற்பித்தவர், சொந்தப் பிள்ளையை வருகையாளரைப் போலப் போய்ப் பார்த்து வந்தார். பதின்ம வயதில்தான் மகன் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகு கடைசிவரை தாய்க்கு வலக்கையாக இருந்தவர் அவரே.

மரியாவின் முறை உலகெங்கும் பரவியது. இத்தாலியில் முசோலினி ஆட்சி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. பிள்ளைகளைத் தன் கட்சிக்கு வளைக்க நினைத்த அந்த ஆட்சியோடு அவரால் ஒத்துப்போக முடியவில்லை. 1934இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்.

அந்தப் பயணம்தான் அவரைத் தமிழ் மண்ணுக்கும் கொண்டுவந்தது. பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது வயது 69. அவரது முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு அவரும் மகனும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மகனை முகாமில் அடைத்தார்கள். தாய் சபை வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். அவருடைய 70ஆவது பிறந்தநாளில்தான் மகன் விடுதலையாகி வந்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்து பல வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்க வைத்தார். இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

1952 மே 6இல் நெதர்லாந்தில் அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று நம் குடியிருப்புகளிலும் கோயில் மண்டபங்களிலும், பாலர் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் சம்பளம் வாங்காமல் சொல்லித்தரும் அக்காமார், அண்ணன்மார் இருக்கிறார்கள். பொருள் இல்லை, பயிற்சி இல்லை, நம்மால் என்ன ஆகும் என்று அவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. சான் லொரென்சோவிலும் ஓர் அறையும் சில அட்டை எழுத்துகளும் பிள்ளைகளை மதிக்கத் தெரிந்த பெரியவர்களும்தான் இருந்தார்கள். ஒரு தாள் மணல்தாளும் கத்தரிக்கோலும் இருந்தால் அகர வரிசையை இன்று இரவே வெட்டிவிடலாம். தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றவும் துணியை மடிக்கவும் பிள்ளையையே செய்யவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கலாம். மாண்டிசோரி அம்மையார் ஏழைப் பிள்ளைகளிடம் கற்ற பாடம், மறுபடியும் ஏழைப் பிள்ளைகளிடமே திரும்பிப் போய்ச் சேரட்டும்.