வண்ணக் கட்டையும் நான்கு மாத ஊதியமும்

என் மகள் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குப் பணியாற்றுகிறாள். அண்மையில் ஒரு நாள் அவள் தாளில் ஏதோ கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். வலக்கை எழுதிக் கொண்டிருக்க, இடக்கையோ நிமிடத்துக்கு ஒருமுறை கணினியின் மவுஸைச் சும்மா அசைத்துக் கொண்டிருந்தது. காரணம் கேட்டேன். சில நிமிடங்கள் கணினியைத் தொடாமலிருந்தால் திரையில் அவள் பெயருக்கு அருகிலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமாம். மேலாளர் அதைப் பார்த்துக் கொண்டிருப்பாராம்.

அந்த வண்ணப் புள்ளியைக் கண்டதும் எனக்கு ராபர்ட் ஓவனின் நினைவு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரச் சிந்தனை வரலாற்று வகுப்பில் நான் கற்பித்த பெயர் அது. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்றும், கற்பனைச் சமதர்மவாதி என்றும் அவரை அறிமுகம் செய்வேன். அவர் தன் ஆலையில் தொங்கவிட்ட மரக்கட்டையைப் பற்றி ஓரிரு வரிகளில் கடந்து சென்றுவிடுவேன். அது பிழை என்று இப்போது தோன்றுகிறது.

ஓவன் 1771-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் வீட்டைவிட்டு வெளியேறித் துணிக்கடைகளில் வேலை பழகினார். இருபது வயதையொட்டி மான்செஸ்டரில் ஏறத்தாழ 500 பேர் பணியாற்றிய நூற்பாலையின் மேலாளரானார். 1799-இல் டேவிட் டேல் என்பவரிடமிருந்து ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் ஆலைகளைத் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து 60,000 பவுனுக்கு வாங்கினார். அதே ஆண்டில் டேலின் மகள் கரோலினை மணந்தார். 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலை நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

கிளைட் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஆலைக் குடியிருப்பில் அப்போது சுமார் 2,000 பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 500 பேர் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர், சிறுமியர். களவும் குடியும் மலிந்திருந்தன. வேற்று மண்ணிலிருந்து வந்த புதிய முதலாளியைத் தொழிலாளர்கள் நம்பவில்லை. அவரும் அவர்களை நம்பவில்லை.

அடிப்பதும் அபராதம் விதிப்பதும் அன்றைய ஆலைகளின் வழக்கம். ஓவன் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். நான்கு பக்கங்களுக்கும் நான்கு வண்ணங்கள் பூசிய சிறு மரக்கட்டை ஒன்று ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கவிடப்பட்டது. கறுப்பு என்றால் மோசம். நீலம் என்றால் சுமார். மஞ்சள் என்றால் நன்று. வெள்ளை என்றால் மிக நன்று. முந்தைய நாள் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கேற்ப ஒரு வண்ணம் முன்பக்கம் தெரியுமாறு திருப்பி வைக்கப்படும். அந்த மதிப்பீடு நாள்தோறும் பதிவேட்டிலும் ஏறும். மௌனக் கண்காணி என்பது அக்கட்டைக்கு வழங்கிய பெயர். ஓவன் ஆலையைச் சுற்றி வரும்போது கட்டையைப் பார்ப்பார்; பிறகு ஆளைப் பார்ப்பார்; ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். நாளடைவில் கறுப்பு குறைந்து மஞ்சளும் வெள்ளையும் கூடின என்று அவர் தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

இதைக் கொண்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்காணிப்பு பலன் தந்தது என்று இன்றைய நிறுவனங்கள் வாதிடலாம். ஆனால், இரண்டு வேறுபாடுகளை மறந்துவிடலாகாது. கட்டை தொழிலாளியின் கண்ணெதிரே தொங்கியது. அதில் மறைவு ஏதுமில்லை. மேற்பார்வையாளர் இட்ட வண்ணம் தவறென்று கருதினால், ஓவனிடமே நேரில் முறையிடும் உரிமையும் தொழிலாளிக்கு இருந்தது. என் மகளின் பச்சைப் புள்ளியிடம் யாரும் முறையிட முடியாது. அவள் சிந்தித்துக் கொண்டிருந்தாள் என்பது அதற்குத் தெரியவும் தெரியாது.

மேலும், தொழிலாளர்களின் மனத்தை வென்றது அந்தக் கட்டையன்று. பிரிட்டனுடனான பிணக்கில் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது பஞ்சின் விலை கடுமையாக உயர்ந்தது. பல ஆலைகள் தொழிலாளர்களை வெளியேற்றின. ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால், ஒருவரைக்கூட அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் வேலையை மட்டும் கொடுத்து, நான்கு மாதங்களுக்கு முழு ஊதியம் வழங்கினார். அதற்கான செலவு 7,000 பவுனுக்கும் மேல். அதுவரை அவரை ஐயத்துடன் பார்த்தவர்கள், அதன் பின்னரே அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவதும் முறையன்று. தூய்மையை உறுதி செய்வதற்காகத் தொழிலாளர்களின் வீடுகளுக்குள் ஆய்வுக் குழுவை அனுப்பினார். அக்குழுவினரை மூட்டைப்பூச்சி பிடிப்பவர்கள் என்று பெண்கள் ஏளனம் செய்தார்கள். சிலர் கதவையும் தாழிட்டுக் கொண்டனர். ஆலையில் கட்டையைப் பொறுத்துக் கொண்டவர்கள், வீட்டுக்குள் நுழைந்த கண்களைப் பொறுக்கவில்லை. இன்று வீடே அலுவலகமாகிவிட்ட நிலையில், அந்தப் பெண்களின் சினம் நமக்கு எளிதில் புரிய வேண்டும்.

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதை ஓவன் நிறுத்தினார். 1816-இல் அவர்களுக்கெனக் கல்விக்கூடம் திறந்தார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காக நாடாளுமன்றத்துடன் போராடினார். லாபமும் ஈட்டினார், ஆனால், கூட்டாளிகளுடன் ஓயாத பிணக்கு. 1813-இல் புதிய பங்குதாரர்களைச் சேர்த்து ஆலையை மீட்டார். அவர்களில் ஒருவர், ஒரே இடத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் கண்காணிக்கும் சிறைச்சாலையை வடிவமைத்த ஜெரமி பெந்தாம் என்பது வரலாற்றின் விந்தை.

1825-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பைத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் தோற்று, செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். எனினும், 1844-இல் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடைக்கு அவர் கருத்துகளே ஊக்கமளித்தன. 1858-இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். நியூ லனார்க் 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது.

நானும் ஒரு கண்காணியாக இருந்தவன்தான். துறைத் தலைவராக இருந்தபோது, சக ஆசிரியர்கள் வகுப்புக்குச் சென்று திரும்பும் நேரத்தை அவர்கள் அறியாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒரு நாள் மூத்த ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பின்தங்கிய மாணவர்களுக்கு மாலையில் ஊதியமின்றிப் பாடம் நடத்தி வந்தவர் அவர். மறுநாள் முதல் மணியடித்ததும் வீட்டுக்குக் கிளம்பினார். என் குறிப்பேட்டின்படி அவர் மீது ஒரு குறையும் இல்லை. இழப்பு மாணவர்களுக்கு.

2022-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பணியாளர்களில் 87 சதவீதத்தினர் தாங்கள் திறம்பட உழைப்பதாகக் கூறினர்; அதை முழுமையாக நம்பிய தலைமைப் பொறுப்பாளர்களோ 12 சதவீதத்தினர் மட்டுமே. இந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது. அளக்கப்படுவதை மட்டுமே மனிதர்கள் செய்து காட்டுவார்கள். மவுஸ் அசையும், மனம் அசையாது.

முடிக்க வேண்டிய பணி எது, எப்போது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். எதைக் கண்காணிக்கிறோம் என்பதை மறைக்காமல் கூறலாம். தவறான மதிப்பீட்டை எதிர்த்து முறையிட ஒரு மனிதரை நியமிக்கலாம். இவற்றில் பின்னவை இரண்டையும் ஓவன் அன்றே செய்திருந்தார். அதற்கும் மேலாக, நெருக்கடி வந்தபோது முதலில் நம்பிக்கை வைத்தவர் முதலாளியே. ஊதியம் தருபவர் முதல் அடியை எடுத்து வைக்காமல், ஊதியம் பெறுபவரிடம் மட்டும் நம்பிக்கையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).