வேதநாயக சாஸ்திரியாரும் பழைய ஞானப்பாட்டும்

தமிழ் இலக்கிய வரலாற்றில் வேதநாயகர் இருவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து பிரதாப முதலியார் சரித்திரம் தந்த வேதநாயகம் பிள்ளையைப் பள்ளி மாணவரும் அறிவர். அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைக் கிறித்தவத் திருச்சபைக்கு வெளியே அறிந்தோர் சிலரே. அறிந்தோரும் பெத்லகேம் குறவஞ்சியோடு நின்றுவிடுவர். அக்குறவஞ்சியைப் பாடியவர், முதுமையை நெருங்கிய காலத்தில், தாம் கற்று வளர்ந்த பழைய வேதமொழிக்காகவும் பாட்டு வழிபாட்டிற்காகவும் தம் சபைக் குருமாரையே எதிர்த்து நின்றார் என்பது, அவர் நூல்களுக்கு இணையாகப் பேசத்தக்க செய்தி.

சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், வேளாளர் குலத்தவர். சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்ட சுவார்ட்சு ஐயர் அவரைப் பன்னிரண்டு வயதளவில் தஞ்சைக்கு அழைத்துச்சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசியும் அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்தவர். குடிமகனும் கோமகனும் ஓராசிரியரிடம் பயின்ற அத்தொடர்பு நெடுங்காலம் நீடித்தது. தரங்கம்பாடியில் இறையியல் பயின்று திரும்பிய வேதநாயகர், இருபது வயதையொட்டியே தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமையாசிரியரானார். சுவார்ட்சு 1798-இல் மறைந்தார்.

அக்காலத்துத் தஞ்சைச் சபையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். குருமார் செர்மனி நாட்டினர், லுத்தரன் மரபினர். அவர்களைப் பொருளுதவி தந்து பேணியதோ இங்கிலாந்துத் திருச்சபையினரின் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். ஆதலின் ஆங்கிலிக்கன் குடைக்கீழ் அமர்ந்த மக்கள், செர்மானிய ஞானப்பாட்டுகளையே தமிழில் பாடி வந்தனர். அவற்றைத் தமிழாக்கியவருள் தலையாயவர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1791-இல் மறைந்த பப்பிரிசியு ஐயர். புதிய ஏற்பாட்டை 1772-இல் அச்சிட்டவரும் அவரே. வேதத்தை முழந்தாளிட்டே மொழிபெயர்த்தார் என்று அவரைப் பற்றி ஒரு மரபுரை வழங்குகிறது. யாப்பிலக்கணம் வல்லார் அவருடைய ஞானப்பாட்டுகளில் குறை காண்பது எளிது; அயல்நாட்டு மெட்டின் ஒலியளவுக்குச் சொற்களை அடுக்கியமையால் தளையும் தொடையும் ஆங்காங்கு இடறும். ஆயினும் இரு தலைமுறையினர் அவற்றைத் திருமணத்திலும் சாவிலும் பாடிவிட்டனர். வேதத்திலுள்ள சொல்லும் பாட்டிலுள்ள சொல்லும் ஒருவர் கைப்பட்டவை. இறைவனைப் பராபரன் என்று வேதத்தில் கேட்ட செவி, பாட்டிலும் அதே பெயரைக் கேட்டது. இவ்வொருமையே பின்னர் எழுந்த பூசலுக்கு அடிப்படை என்று கருதலாம்.

சாஸ்திரியார் அம்மெட்டுகளோடு அமையவில்லை. இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளைப் பாடினார். குறவஞ்சி, நாடகம், கும்மி முதலிய வடிவங்களில் நற்செய்திப் பொருளைப் புகுத்தினார். அவர் இயற்றியவை நூற்றுக்கு மேல் என்பர். பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் கூறும் இடத்திற்கு உலக நிலப்பரப்பும் வானநூலும் வந்து சேர்கின்றன. செர்மானியர் பள்ளியில் கற்ற புதுக் கல்வி தஞ்சைக் குறத்தியின் வாயில் பேசுகிறது. சரபோசி மன்னர் பெருவுடையார் மீது பாடுமாறு கேட்டதாகவும், சாஸ்திரியார் அதற்கிசையாது தம் இறைவனையே பாடியதாகவும், மன்னர் சினவாது நட்பைத் தொடர்ந்ததாகவும் அவர் மரபினர் சொல்லிவருவர்.

அடுத்துப் புதிய குருமார் வந்தனர். 1814-இல் சென்னைக்கு வந்த இரேனியசு ஐயர், பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பு மக்களுக்கு விளங்கும் தெளிந்த நடையில் இல்லை என்று கருதித் திருத்தத் தொடங்கினார். நல்ல தமிழ் அறிந்த அவருடைய நோக்கத்தைப் பழித்தற்கில்லை. 1820களில் தஞ்சைப் பணித்தளம் நற்செய்திப் பரப்புச் சங்கத்தின் கைக்கு மாறியது. சபை ஒழுங்குகளும் இறுகின. சாஸ்திரியார் வாளா இருக்கவில்லை. மறுப்பு நூல்கள் எழுதினார். சபையார் சார்பில் புதியவர்கள்மீது நான்கு கொடுமைகளைச் சாட்டினார். வேதத்தைத் திருத்தியது, சாதியாரை வற்புறுத்தி ஒன்றாக்கியது, திருமணம் முதலியவற்றில் மலர்களை விலக்கியது, வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தது என்பன அவை.

இந்நான்கையும் ஒரு கோவையாக அவர் வைத்ததே இன்றைய வாசகரை உறுத்தும். மலரும் பாட்டும் பழகிய சொல்லும் ஒருவர் மனத்தில் வேரூன்றியவை. அவற்றைப் பறிப்பது கொடுமைதான். ஆனால் உடன்வழிபடுவோரைத் தள்ளி அமர்த்துவதும் அவற்றோடொத்த மரபாகுமா? வேளாளக் கிறித்தவர் காத்த பழமையில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்தன. சாஸ்திரியார் பிரித்துப் பார்க்கவில்லை. சாதிப் பிரிவுக்கு ஆதரவாகவும் எழுதினார். அவரைப் போற்றும் கட்டுரைகள் இதனைக் கூறாது விடுவதும், பழிப்போர் இதனை மட்டுமே கூறுவதும் உண்டு. கோயிலில் எட்ட அமர்த்தப்பட்டோரும் அதே ஞானப்பாட்டைத்தான் பாடினர். அப்பாட்டின்மீது அவர்களுக்கிருந்த அன்பை எழுதிவைக்க அவர்களுக்குள் ஒரு கவிராயர் இல்லை.

பூசலின் விளைவாக, 1829-ஐ ஒட்டிச் சபைப் பணியைச் சாஸ்திரியார் இழந்தார். இளமைத் தோழராகிய மன்னர் அவரை அரண்மனைப் புலவராக ஏற்றார். அந்நிழலும் நிலைக்கவில்லை; சரபோசி 1832-இல் மறைந்தார். மறு ஆண்டே ஆயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென ஆணையிட, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1833-இல் இரேனியசின் புதிய ஏற்பாடும் வெளிவந்தது. அறுபதை நெருங்கிய கவிராயருக்கு அவை இடர்மிகுந்த ஆண்டுகள்.

அவர் பாட்டு மட்டும் ஓயவில்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கரான எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியார் பாடல்கள் பெரும்பங்கு பெற்றன. எந்த இசை வழிபாட்டுக்கு ஆகாதென்று தடுக்கப்பட்டதோ, அது மற்றொரு சபைக் குருவின் கையாலேயே கோயிலுக்குள் மீண்டது. முதியவர் அதனைக் காண உயிரோடிருந்தார். 1864 சனவரி 24-இல், எண்பத்தொன்பது வயதில், தஞ்சையில் மறைந்தார்.

ஏழாண்டுகள் கழித்து, 1871-இல், பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அது இரேனியசை விடுத்துப் பப்பிரிசியுவையே பெரிதும் அடியொற்றியது. எனினும் பராபரன் என்ற பெயரை அக்குழுவினர் ஏற்கவில்லை; தேவன் என்பதே நிலைபெற்றது.

கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலையில், 1816-இல் திருநிலைப்படுத்தப்பட்ட தூய ஜார்ஜ் பேராலயத்தில், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கரும் பிற சபையாரும் அன்று ஒன்றாயினர். அத்திருச்சபையின் தமிழ் வழிபாட்டில் மேனாட்டு மெட்டுப் பாமாலையும் தமிழிசைக் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. வேதப் புத்தகத்திலிருந்து நீங்கிய பராபரன், அப்பாட்டுகளில் இன்றும் இருக்கிறார்.